பெட்டிக்குள் பூட்டிய தோல்

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக் கடலில் 18 தீவுகள் இருக்கின்றன. ஃபாரோ தீவுகள் என்று பெயர். அவற்றில் கால்சோய் ஒடுங்கி நீண்ட தீவு. நூறு பேர்கூட அங்கே குடியிருக்கவில்லை. அந்தத் தீவின் மிக்லாதாலூர் கிராமத்துக் கரைப்பாறையில் 2014ஆம் ஆண்டு ஒரு பெண்ணின் சிலையை நிறுத்தினார்கள். கையில் உரித்த தோலோடு நிற்கும் அந்தப் பெண்ணை வெண்கலத்திலும் துருப்பிடிக்காத எஃகிலும் வடித்தவர் ஹன்ஸ் பவுலி ஓல்சன். 2.6 மீட்டர் உயரம், 450 கிலோ எடை. 13 மீட்டர் அலை அடித்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே 11.5 மீட்டர் அலை ஒன்று சிலையை மூடிவிட்டுப் போனது. சிலை அசையவில்லை.

அவள் யார் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள்.

சீல் எனப்படும் கடல்நாய்கள், தாமாகக் கடலில் விழுந்து உயிரை விட்ட மனிதர்களே என்பது அந்தத் தீவுகளின் பழைய நம்பிக்கை. வருஷத்தில் ஓர் இரவு, கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் முடிகிற பதின்மூன்றாம் இரவில், அவை கரையேறித் தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனித உருவில் ஆடிப் பாடும். மிக்லாதாலூர் வாலிபன் ஒருவன் பாறை மறைவில் ஒளிந்து இதைப் பார்க்கிறான். ஓர் அழகியின் தோலை எடுத்து வைத்துக்கொள்கிறான். விடியும் நேரம் எல்லோரும் தத்தம் தோலை மாட்டிக்கொண்டு கடலில் இறங்க, அவள் மட்டும் தேடித் தேடித் தவிக்கிறாள். தோலின் வாசனை அவன் பக்கமிருந்து வருகிறது. கெஞ்சுகிறாள், கேட்கிறாள். அவன் தரவில்லை. அவன் பின்னால் வீட்டுக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போகிறது.

குடும்பம் நடக்கிறது, குழந்தைகள் பிறக்கின்றன. தோலைப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பு வாரில் கோத்துக்கொண்டே திரிகிறான் கணவன். ஒருநாள் நடுக்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது இடுப்பைத் தடவுகிறான்; சாவி இல்லை. மனைவி இன்றோடு போய்விடுவாள் என்று படகிலேயே அலறுகிறான். எல்லோரும் துடுப்பை வலித்துக் கரைக்கு ஓடி வந்து பார்த்தால் வீட்டில் குழந்தைகள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். போவதற்கு முன்னால் அவள் அடுப்பை அணைத்திருக்கிறாள். கத்தி, அரிவாள் என்று கூரான சாமான்களையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில் பிள்ளைகள் தீயிலோ கத்தியிலோ கை வைத்துவிடக் கூடாதே என்று.

உலகெங்கும் மனிதருக்கும் உருமாறும் உயிருக்கும் நடுவே நடந்த காதலைச் சொல்லும் கதைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் மனத்தை அதிகம் தொடுவது எது என்று கேட்டால் இந்த அடுப்பணைக்கும் இடத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். கடலுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தவள், சாவி கையில் கிடைத்த பிறகும், அடுக்களையில் சில நிமிஷம் நின்றிருக்கிறாள். அவளுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், அந்த வீடு அவள் விரும்பி வந்த வீடு என்றும் யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே காரியத்தில் சொல்லிவிடுகிறது கதை.

பிறகு நடப்பது கொடூரம். சில காலம் கழித்து அந்த ஊர் ஆண்கள் குகை ஒன்றுக்குச் சீல் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். முதல்நாள் இரவு அவள் கணவனின் கனவில் வருகிறாள். குகை வாசலில் படுத்திருக்கும் பெரிய ஆண் சீல் தன் துணை, உள்ளே கிடக்கும் குட்டிகள் இரண்டும் தன் பிள்ளைகள், அவர்களை விட்டுவிடு என்று மன்றாடுகிறாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலை அவன் பங்குக்கு வந்த ஆண் சீலின் தலையும் குட்டிகளின் கைகால்களும் வீட்டில் சமைத்துப் பரிமாறப்படுகின்றன. அப்போது பேயுருவில் உள்ளே வருகிறாள் அவள். இந்த ஊர் ஆண்களில் சிலர் கடலில் மூழ்குவார்கள், சிலர் மலையிலிருந்து விழுவார்கள், இறந்தவர்கள் கைகோத்து நின்றால் தீவு முழுவதையும் சுற்றி வரும் அளவுக்குச் சாவு விழும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். கடலையும் செங்குத்துப் பாறைகளையும் நம்பிப் பிழைத்த ஊர் அது. யாராவது தவறி இறக்கும்போதெல்லாம் அந்தச் சாபத்தின் கணக்கில் இன்னொருவர் சேர்ந்தார்.

ஃபாரோ தீவுகளின் அஞ்சல்துறை 2007இல் எட்வர்ட் ஃபுக்லோ வரைந்த படங்களோடு இந்தக் கதையை அஞ்சல்தலைகளாகவே வெளியிட்டது.

தெற்கே ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளிலும் அயர்லாந்துக் கரையிலும் இதே கதை வேறு வேறு குரலில் கேட்கும். அங்கே இந்த சீல் மனிதர்களை செல்கி என்கிறார்கள். ஆர்க்னியின் சாண்டே தீவைச் சேர்ந்த வால்டர் டிரெயில் டென்னிசன் 19ஆம் நூற்றாண்டில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த செல்கிக் கதைகள்தான் இன்று நமக்குக் கிடைக்கும் பெரிய புதையல். அவர் எழுதிய வேஸ்ட்னஸ் பண்ணைக்காரரின் கதையில், மனைவியிடமிருந்து மறைத்த தோல் கூரையின் இறவாணத்தில் செருகியிருக்கிறது. ஏழு பிள்ளைகள். ஒருநாள் எல்லோரும் வெளியே போய்விட, காலில் புண் வந்த கடைசி மகள் மட்டும் வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் குடைந்து தேடும் தாயைப் பார்த்து என்னம்மா தேடுகிறாய் என்று கேட்கிறாள். உன் புண்ணுக்கு இதமாக ஒரு செருப்புத் தைக்க நல்ல தோல் தேடுகிறேன் என்கிறாள் தாய். அப்பா கூரையிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததை நான் படுக்கையிலிருந்து பார்த்தேனே என்கிறது குழந்தை. அம்மாவுக்கு உதவத்தான் சொன்னது. அந்தச் சொல்லிலேயே அம்மாவை இழந்தது.

கடலில் இறங்கியவளை அவளுடைய கடல் கணவன் எதிர்கொள்கிறான். படகில் திரும்பி வந்துகொண்டிருந்த பண்ணைக்காரரைப் பார்த்து அவள் சொல்லும் விடைதான் மனத்தை அறுக்கிறது. உன்னை எனக்குப் பிடிக்கும், என்னிடம் நல்லவனாகத்தான் இருந்தாய், ஆனால் என் கடல் மனிதன்மேல் வைத்த அன்பு எப்போதும் அதைவிடப் பெரிது என்கிற பொருளில் சொல்லிவிட்டு மூழ்கிவிடுகிறாள். அவன் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தோலை மட்டும் தரவில்லை. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்தக் கதைகளை வெறும் காதல் கதைகளாகப் படிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அட்டைப்படத்தில் அலையும் நிலவும் போட்டு, பிரிவின் சோகம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஆர்க்னி அடுப்படியில் உட்கார்ந்து இவற்றைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் கல்யாணத்தில் பெண்ணின் பேச்சு அதிகம் எடுபடாத காலத்தில் வாழ்ந்தவர்கள். தோல் என்பது அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் வழி. அதைக் கைப்பற்றியவன் எத்தனை நல்லவனாக இருந்தாலும் திருடன்தான் என்பதைக் கதை ஒருபோதும் மறைப்பதில்லை. கதை எங்கே முடிகிறது என்று பாருங்கள்: தோல் கிடைத்த எந்த மனைவியும் போகாமல் நின்றுவிடுவதில்லை.

ஆணும் பெண்ணும் இடம் மாறிய செல்கிக் கதைகளும் உண்டு. அவற்றின் குணமே வேறு. டென்னிசன் எழுதிய இன்னொரு கதையில் ஊர்சில்லா என்கிற பணக்கார வீட்டுப் பெண், தான் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்ட கணவனிடம் சலித்துப் போய், உச்ச ஏற்றத்தின்போது கடலோரம் போய் ஏழு சொட்டுக் கண்ணீரைத் தண்ணீரில் விடுகிறாள். அதுதான் செல்கி ஆணை அழைக்கும் முறை. அவன் வருகிறான். இங்கே யாரும் யார் தோலையும் மறைக்கவில்லை. அவள் கூப்பிட்டதால்தான் வருகிறான். அவளுக்குப் பிறந்த பிள்ளைகளின் விரல்களுக்கு நடுவே வாத்துக்கால் போலச் சவ்வு இருந்ததாம். மருத்துவச்சி அதை வெட்டிவிட்டாளாம். வெட்டிய சவ்வு வளர வழியில்லாமல் உள்ளங்கையில் கொம்பு போலக் காய்த்துத் தடித்தது, வம்சத்திலேயே அது தொடர்ந்தது என்கிறது கதை. விரல்கள் ஒட்டிப் பிறப்பதும் உள்ளங்கைத் தோல் தடித்துப் போவதும் பரம்பரையாக வரக்கூடியவை என்று மருத்துவம் இன்று சொல்கிறது. அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்த ஊர், அதற்கு ஒரு பாட்டியின் காதலைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம்.

சூல் ஸ்கெரி என்பது ஆர்க்னிக்கு மேற்கே தனியாகக் கிடக்கும் ஒரு பாறைத்தீவு. அங்கிருந்து வந்த சீல் மனிதனைப் பற்றி ஷெட்லாந்தில் ஒரு மூதாட்டி பாட, 19ஆம் நூற்றாண்டில் எழுதி எடுத்த பாடல் ஒன்று, அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் புகழ்பெற்ற நாட்டுப்பாடல் தொகுப்பில் 113ஆவதாக இருக்கிறது. தன் குழந்தையைப் பெற்றவளிடம் வந்து, வளர்த்த கூலியாகப் பொன்னைக் கொடுத்து மகனை வாங்கிக்கொண்டு போகிறான் அவன். நீ ஒரு துப்பாக்கிக்காரனைக் கட்டுவாய், அவன் சுடும் முதல் குண்டு என்னையும் என் பிள்ளையையும் கொல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டே போகிறான். இந்தக் கரையின் கதைகள் எங்கே சுற்றினாலும் வேட்டைக்காரனிடம் வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மக்களுக்கு சீல்தான் விளக்குக்கு எண்ணெய், சீல்தான் தோல், பஞ்சத்தில் இறைச்சி. அதே சீல் தண்ணீரில் நிமிர்ந்து நின்று மனிதர்களை வெறித்துப் பார்க்கும். அதன் ஓலம் இருட்டில் மனிதக் குரலாகவே கேட்கும். குட்டி, வெள்ளை ரோமத்தோடு கரையில் கிடந்து அழும். இப்படிப்பட்ட உயிரைத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டு வந்து இரவில் தூங்க வேண்டும். அந்த உறுத்தல் இல்லாமல் இந்தக் கதைகள் பிறந்திருக்காது.

பிரிட்டனில் சாம்பல் நிற சீல்களைக் காக்க 1914இலேயே சட்டம் வந்தது. 1978இல் ஆர்க்னியில் அரசு அறிவித்த சீல் ஒழிப்பு வேட்டை, கிரீன்பீஸ் அமைப்பின் கப்பலும் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்து நின்றதால் கைவிடப்பட்டது. அயர்லாந்தின் டாம் மூர் 2014இல் எடுத்த ‘சாங் ஆஃப் தி சீ’ என்கிற அருமையான அனிமேஷன் படமும் இப்படி ஒரு கொலையிலிருந்தே பிறந்தது. மகனோடு கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனபோது செத்துக் கிடந்த சீல்களைப் பார்த்ததையும், செல்கிகளை நம்பிய காலத்தில் இப்படி நடந்திராது என்று உள்ளூர்ப் பெண் ஒருவர் சொன்னதையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் தோலங்கியைப் பெட்டியில் பூட்டுவது கணவன் அல்ல, தகப்பன். பாதி செல்கியான சின்ன மகளும் தாயைப் போலப் போய்விடுவாளோ என்ற பயத்தில், பாசத்தில், பூட்டிக் கடலில் எறிகிறான். மகள் நோயில் விழுகிறாள்.

பூட்டுகிற கை எப்போதும் ஆணுடையதுதானா என்றால் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் என்ற பெண் கவிஞர் பழைய பிரெஞ்சில் எழுதிய ‘பிஸ்க்லாவ்ரே’ கதையில் உருமாறுவது கணவன். பிரிட்டனி நாட்டுப் பிரபு. வாரத்தில் மூன்று நாள் காணாமல் போவான். எங்கே போகிறாய் என்று மனைவி விடாமல் நச்சரிக்க, காட்டுக்குப் போய் ஓநாயாகத் திரிகிறேன், பழைய கோயில் ஒன்றின் பக்கத்தில் பொந்துக் கல்லுக்கு அடியில் உடைகளை ஒளித்து வைப்பேன், அவை தொலைந்தால் மனிதனாகத் திரும்ப வழியில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவள் பயந்துபோய், தன்மேல் ஆசைப்பட்ட வேறொரு வீரனை அனுப்பி உடைகளை எடுத்து வரச் செய்கிறாள். கணவன் ஓநாயாகவே தங்கிவிடுகிறான். பிறகு வேட்டைக்கு வந்த ராஜாவின் காலைப் பிடித்து, அரண்மனையில் அடக்கமான மிருகமாக வாழ்ந்து, கடைசியில் மனைவியைக் கண்டதும் பாய்ந்து மூக்கைக் கடித்து எடுக்கிறான். உடைகள் திரும்பக் கிடைத்தபோதும் எல்லோர் முன்னிலையிலும் அவன் மாறுவதில்லை. தனியறையில் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே மனிதனாகிறான். மிருகமாக இருந்தவனின் கூச்சத்தைக்கூட மதித்து எழுதிய மரியின் நுட்பத்தை 800 வருஷம் கழித்தும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானுக்குப் போனால் காற்றே மாறிவிடுகிறது. அங்கே நரி மனைவியின் தோலை யாரும் திருடுவதில்லை. அவள் தானாக வருகிறாள்.

9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோகாய் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘நிஹோன் ரியோய்கி’யில், மினோ நாட்டுக்காரன் ஒருவன் வெட்டவெளியில் சந்தித்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மகன் பிறக்கிறான். அதே சமயம் வீட்டு நாயும் குட்டி போடுகிறது. அந்தக் குட்டி இவளைப் பார்த்தாலே உறுமுகிறது. கொன்றுவிடச் சொல்லிக் கேட்கிறாள். கணவனுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் நெல் குத்தும் பெண்களுக்குச் சாப்பாடு எடுத்துப் போனவள்மேல் நாய் பாய, அதிர்ச்சியில் நரியாகி வேலிமேல் தாவிவிடுகிறாள். கணவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, நமக்கு ஒரு பிள்ளை இருக்கிறதே, உன்னை எப்படி மறப்பேன், எப்போதும் வந்து என்னோடு தங்கு என்கிறான். அவளும் அப்படியே வந்து போய்க்கொண்டிருந்தாள் என்று முடிகிறது அந்தச் சின்னக் கதை. பிடித்து வைக்கவில்லை, வா என்று கூப்பிட்டான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தக் கணவன்தான், சொல்லப்போனால், இக்காலக் காதல் நாவல்கள் தேடிக்கொண்டிருக்கும் நாயகன்.

ஜப்பானியர் நெஞ்சில் குடியிருக்கும் நரி மனைவி குஸுனோஹா. ஹெய்யான் அரசவையில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோதிட வல்லுநர் அபே நோ செய்மேய் உண்மையான ஆள். கியோத்தோவில் இன்றும் அவர் பெயரில் கோயில் இருக்கிறது. அவருடைய அபாரத் திறமைக்கு அவர் தாய் ஒரு வெள்ளை நரி என்று மக்கள் காரணம் சொன்னார்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய யாசுனா என்பவனுக்கு நன்றிக்கடனாக, அவன் மணக்கவிருந்த பெண்ணின் உருவில் வந்து நரி குடும்பம் நடத்துகிறது. 1734இல் ஒசாகாவின் பொம்மலாட்ட அரங்குக்காக தகேதா இஸுமோ எழுதிய நாடகத்தில், உண்மையான குஸுனோஹா வாசலில் வந்து நின்றுவிடுகிறாள். நரி போயாக வேண்டும். கபுகி மேடையில் இந்தக் கட்டம் நடிகரின் திறமைக்கே ஒரு சோதனை: தூங்கும் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, தாள் கதவில் தூரிகையால் பிரிவுக் கவிதையை எழுத வேண்டும். முதலில் வலக் கையால், பிறகு இடக் கையால், கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாகச் சில எழுத்துகளை, கை ஓயும்போது தூரிகையை வாயில் கவ்வியபடியே. எழுத எழுத எழுத்து மனிதக் கையிலிருந்து மிருகத்துக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பார்வையாளர் கண்ணாலேயே பார்க்கிறார்கள். ஒசாகா அருகே இஸுமி நகரில் அவள் திரும்பிப் போன ஷினோதா காடு என்று காட்டும் இடத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது.

நம் பக்கத்தில், நினைத்த உருவம் எடுக்கும் இச்சாதாரி நாகம் சினிமா வழியாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது. 1979இல் வந்த ‘நீயா?’ படத்தையும் ஸ்ரீதேவியின் ‘நாகினா’வையும் பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் தென்னிந்தியாவில் இந்த விஷயத்தின் உச்சம் என்று கிரீஷ் கர்னாட் 1988இல் கன்னடத்தில் எழுதிய ‘நாகமண்டல’ நாடகத்தையே சொல்ல வேண்டும். ஏ.கே. ராமானுஜனிடம் கேட்ட நாட்டுப்புறக் கதைகளிலிருந்து பின்னியது. புதுமனைவி ராணியை வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்விடுவான் கணவன் அப்பண்ணா. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவான். கணவனை வசப்படுத்தக் கிடைத்த வேரை அரைத்துக் குழம்பில் போட்டவள், குழம்பு ரத்தச் சிவப்பாகக் கொதித்ததைக் கண்டு பயந்து புற்றில் கொட்டிவிடுகிறாள். புற்றுக்குள் இருந்த நாகம் அவள்மேல் மயங்கி, இரவுதோறும் குளியலறைச் சாக்கடை வழியாக நுழைந்து கணவன் உருவில் வந்து அன்பு காட்டுகிறது. பகலில் கடுகடுக்கும் கணவன், இரவில் கதை கேட்கும் கணவன். இரண்டும் ஒருவனே என்று அவள் நம்புகிறாள், அல்லது நம்ப முடிவு செய்கிறாள். டி.எஸ். நாகாபரணா 1997இல் இதைப் படமாக்கியபோது அந்த இரட்டை முகத்தை நம் பிரகாஷ்ராஜ்தான் நடித்தார். இங்கே சாவி மனிதன் கையில், மனிதத்தன்மை பாம்பிடம். ஆனாலும் நாகம் செய்வதும் ஒரு வஞ்சனை என்பதை கர்னாட் மூடி மறைக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் நடந்த உறவு அது. கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்து முன்னால் புற்றில் கைவிட்டுப் பாம்பைப் பிடித்துச் சத்தியம் செய்யும் நிலைக்குத் தள்ளப்படுவது அவள்தான், நாகம் அல்ல.

இந்தப் பின்னணியோடு இன்றைய ஆங்கிலப் புத்தகக் கடைகளில் அமானுஷ்யக் காதல் என்று தனி அலமாரியில் அடுக்கியிருப்பவற்றைப் புரட்டினால் ஒரு பெரிய மாற்றம் கண்ணில் படும். பழைய கதையில் பெரும்பாலும் பிரிவுதான். புதிய நாவலில் சேர்வது நிச்சயம். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் காதல் நாவலுக்கு வகுத்த இலக்கணம் இரண்டே: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அந்த விதிக்குள் எழுத வேண்டுமானால் தோல் பிரச்சினையை எப்படியாவது தீர்த்தாக வேண்டும். அங்கேதான் நல்ல எழுத்தாளரும் சாதாரண எழுத்தாளரும் பிரிகிறார்கள்.

பெட்ரிஷியா பிரிக்ஸ் 2006இல் ‘மூன் கால்டு’ நாவலில் அறிமுகப்படுத்திய மெர்சி தாம்ப்சன், வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோக்ஸ்வாகன் கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். நினைத்த மாத்திரத்தில், ஓநாயைப் போன்ற சிறு விலங்கான கொயோட்டியாக மாறிவிடுவாள். ஒளித்து வைக்க அவளிடம் தனித் தோல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் ஆடம், ஓநாய்க் கூட்டத்தின் தலைவன். யாருக்கும் உத்தரவு போட்டுப் பழகியவன். அவனோடு நெருங்கும் ஒவ்வொரு அடியிலும் தன் பிழைப்பையும் தன் புத்தியையும் விட்டுக்கொடுக்காமல் அவள் வாதாடுவதே நாவலின் உயிர். அதே 2006இல் நியூசிலாந்தின் நளினி சிங் எழுதிய ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. அங்கே சிறுத்தையாக மாறும் லூகஸ் சுதந்திரமானவன். பூட்டிக் கிடப்பவள் நாயகி சாஷா. உணர்ச்சியே கூடாது என்று பழக்கப்பட்ட ஓர் இனத்தில், தனக்கு உணர்ச்சி இருப்பதை வெளியே தெரியாமல் மறைத்து வாழ்கிறவள். ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த எழுத்தாளர் ஒருவர் இரண்டு சமூகங்களுக்கு நடுவே நடக்கும் திருமணத்தை இத்தனை அக்கறையாக எழுதியதில் வியப்பில்லை.

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசைதான் இந்த வகையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. 2005இல் முதல் நாவல். ஓநாயாக மாறும் ஜேக்கப் பிளாக்கை லட்சக்கணக்கான பெண்கள் நேசித்தார்கள். ஆனால் ஓநாய்க் கூட்டத்தின் காதலை மேயர் அமைத்த விதம் நெருடுகிறது. ஒருவரைக் கண்ட கணத்தில் வாழ்நாள் முழுக்க அவரோடு பிணைந்துவிடுவார்கள். விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2008இல் வந்த ‘பிரேக்கிங் டான்’ நாவலில் ஜேக்கப் இப்படிப் பிணைவது அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தையோடு. விதிக்கப்பட்ட இணை என்ற இந்தப் பழக்கம் பிறகு நூற்றுக்கணக்கான நாவல்களில் பரவிவிட்டது. பெட்டியையும் சாவியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் விதியை வைப்பது இது. மிக்லாதாலூர் மனைவிக்குச் சாவி தொலையும் ஒரு நாளாவது இருந்தது.

அந்த ஓநாய்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் முக்கியம். ஜேக்கபின் குவிலியூட் இனம் மேயரின் கற்பனை அல்ல. வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற இடத்தில் இன்றும் வாழும் பூர்வகுடி மக்கள் அவர்கள். உலகைச் சீர்செய்து வந்த ஒரு சக்தி, ஓநாய்களை மனிதர்களாக்கி அவர்களைப் படைத்தது என்பது அவர்களுடைய தோற்றக் கதை. நினைத்தபோது ஓநாயாக மாறும் இளைஞர் கூட்டம் அந்த மரபில் இல்லை. அது நாவலுக்காகச் சேர்த்தது. புத்தகமும் படமும் கோடி கோடியாகச் சம்பாதித்தபோது, அந்த மக்களின் குடியிருப்பு கடல்மட்டத்தில், சுனாமி வந்தால் தப்ப வழியில்லாத இடத்தில் கிடந்தது. பள்ளிக்கூடம் கடற்கரையை ஒட்டியே இருந்தது. மேட்டு நிலத்துக்கு மாற 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கரை அவர்களுக்குக் கொடுத்தது. மேட்டில் கட்டிய புதுப் பள்ளி 2022இல் திறந்தது. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் குவிலியூட் மக்களோடு சேர்ந்து, நாவலில் வருவது எது, தங்கள் மரபில் உள்ளது எது என்று பிரித்துச் சொல்லும் இணையத்தளம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. ஜேக்கபை விரும்பி அந்தக் கடற்கரையைத் தேடிப் போகிறவர்கள் புறப்படும் முன் அதைப் படித்துவிட்டுப் போவது நல்லது.